நாற்பத்தோராயிரம் தள்ளி எடுத்த வீடு

வசதியாக வாழ்வதற்கு ஆகும் செலவைவிட, வசதியாக இருப்பதுபோல் காட்டிக்கொள்வதற்கு ஆகும் செலவு அதிகம். இதை நான் சொந்தக் காசைக் கொட்டித் தெரிந்துகொண்டவன். (சொந்தக் காசு என்பது ஒரு பேச்சுக்கு. அப்போது என்னிடம் இருந்த காசு ஸ்கூட்டர் பெட்ரோலுக்கே இழுத்துக்கோ பறிச்சுக்கோ என்று இருந்தது.)

ஓசூரில் நான் ஒரு லேத் பட்டறை வைத்திருந்தேன். பட்டறை என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்கு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அன்றைக்கு அது ‘கம்பெனி’. வாசலில் இங்கிலீஷ் போர்டு, உள்ளே இரண்டு மிஷின், மூன்று ஆட்கள், ஒரு சுழல் நாற்காலி. நாற்காலியில் நான். பெரிய கம்பெனிக்குச் சாமான் செய்துகொடுக்கும் நடுத்தரக் கம்பெனிக்கு, புஷ் என்கிற சின்ன உலோக வளையம் கடைந்துகொடுப்பது எங்கள் வேலை. ஒருநாள் பெரிய கம்பெனி ஒரு மாடலை நிறுத்தியது. நடுத்தரக் கம்பெனி ஆர்டரைக் குறைத்தது. எங்களுக்கு ஆர்டரே வரவில்லை. மிஷின் வாங்கிய கடனுக்கான தவணைத் தேதி மட்டும் மாதா மாதம் தவறாமல் வந்தது.

ஒரு தவணை தவறியது. அதை அடைக்க ஒரு கடன் வாங்கினேன். அந்தக் கடனை அடைக்கக் கார்டைத் தேய்த்தேன். கார்டை அடைக்க என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டிருந்தபோதே கம்பெனியின் ஷட்டர் இறங்கிவிட்டது. வங்கிக்காரர்கள், ஒருவன் வாங்கின கடனை ஒழுங்காகக் கட்டுகிறவனா என்று பார்க்க ஒரு மதிப்பெண் வைத்திருக்கிறார்களே, அதில் நான் அடிமட்டம். பிளஸ் டூவில் கணக்கில் குறைந்த மதிப்பெண் வாங்கியபோதுகூட என்னைக் காரணம் சொல்ல விட்டார்கள். இங்கே அதற்கும் வழியில்லை.

அந்த நேரம் பார்த்துதான் நாங்கள் குடியிருந்த வீட்டுக்காரர், பெங்களூரிலிருந்து மகன் குடும்பத்தோடு வருகிறான், மாதக் கடைசிக்குள் காலி செய்துகொடுங்கள் என்றார். நல்ல மனிதர். பாக்கி வைத்திருந்த வாடகையை எங்கள் அட்வான்ஸில் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தார். மிச்சம் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்லும் வார்த்தை.

ஓசூரில் வீடு பிடிப்பது பெங்களூர்க் கணக்கு. வாடகை நம் பக்கத்து வாடகைதான், அட்வான்ஸ் மட்டும் பத்து மாதத்துக்கு. எல்லைக்கு அந்தப் பக்கத்து வழக்கம், டோல்கேட்டில் காசுகூடக் கட்டாமல் இந்தப் பக்கம் வந்துவிட்டது. அதைவிட மோசம், வீட்டுக்காரர்களின் பிள்ளைகள் எல்லாம் படித்துவிட்டார்கள். பாகலூர் ரோட்டில் ஒரு வீட்டில், “பான் நம்பர் சொல்லுங்க அங்கிள், சும்மா ஒரு ஃபார்மாலிட்டி” என்றான் மகன். போனில் எதையோ தட்டினான். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “அம்மா, அங்கிளுக்குக் காபி குடு” என்றான். சாவு வீட்டுக்காரனிடம் பேசுகிற குரலில் சொன்னான். காபி நன்றாக இருந்தது. வீடு கிடைக்கவில்லை.

என் மனைவி விமலா அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த வருமானத்தில் லூர்து அக்காவிடம் ஒரு ஏலச்சீட்டு போட்டிருந்தாள். எங்கள் குடும்பத்தில் தவணை தவறாமல் கட்டப்பட்ட ஒரே விஷயம் அந்தச் சீட்டுதான், ஏனென்றால் அதில் நான் கை வைக்கவில்லை. அந்தச் சீட்டில் கூட இருந்த கௌரம்மா என்கிற பெண்மணிதான் விமலாவிடம், “எங்க மாடி வீடு சும்மாதான் கெடக்குது. உங்க வூட்டுக்காரர வந்து பாக்கச் சொல்லு” என்று சொல்லியிருக்கிறார்.

ராயக்கோட்டை ரோட்டை ஒட்டிய வீடு. கௌரம்மாவின் கணவர் முனிரத்தினம் உத்தனப்பள்ளிப் பக்கம் தக்காளி போடுகிறவர். வீட்டில் தெலுங்கு, மார்க்கெட்டில் கன்னடம், என்னிடம் தமிழ். மூன்றிலும் ஒரே வேகம். மாடியில் இரண்டு அறை, அடுப்படி ஜன்னலைத் திறந்தால் வேப்பமரம், மகளின் பள்ளிக்கூடம் நடந்துபோகும் தூரம். விமலா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். இந்த வீடு கிடைக்காவிட்டால் தர்மபுரியில் மாமனார் வீடுதான் கதி என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். யாழினி மூன்றாம் வகுப்பு, பாதியில் பள்ளிக்கூடம் மாற வேண்டும். மாமனார் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கும் மாப்பிள்ளையாக நான் மாற வேண்டும்.

“சார் என்னா பண்றீங்க?” என்று கேட்டார் முனிரத்தினம்.

“சொந்தக் கம்பெனிண்ணா” என்றேன். மூடிய கம்பெனியும் கம்பெனிதானே.

அப்போது என் போன் அடித்தது. தவணை கேட்டு அழைக்கிறவர்களை எல்லாம் நான் ‘டெல்லி ஆர்டர்’ என்று பெயர் போட்டுச் சேமித்து வைத்திருந்தேன். கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். எடுக்காவிட்டால் சந்தேகம் வரும் என்று எடுத்து, கம்பீரமாக, “ஆங், சொல்லுங்க. லோடு நாளைக்கு அனுப்பிடறேன்” என்றேன்.

“சார், லோடெல்லாம் வேணாம் சார். டியூ அனுப்புங்க போதும்” என்றது அந்தப் பெண் குரல்.

“அனுப்பறேன், அனுப்பறேன். டெல்லிக்காரங்க, விட மாட்டாங்கண்ணா” என்று போனை அணைத்தேன். முனிரத்தினம் முகத்தில் மரியாதை கூடியது. அந்த மரியாதைதான் என்னைக் கெடுத்தது. வாடகை ஆறாயிரம், அட்வான்ஸ் அறுபதாயிரம் என்று அவர் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, “அட்வான்ஸ் எல்லாம் ஒரு விஷயமாண்ணா? அடுத்த வாரம் வாங்கிக்கங்க. கூடக் குறைய வேணும்னாலும் சொல்லுங்க” என்றேன். பக்கத்தில் நின்ற விமலா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

வாசலில் வண்டி நிறுத்துகிற இடம் காலியாக இருந்தது. ஏதாவது பேச வேண்டுமே என்று, “டெம்போ வெச்சிருக்கறதா கௌரம்மா சொன்னாங்களாமே?” என்று கேட்டேன். “சர்வீஸுக்கு விட்டிருக்கேன் சார்” என்றார் முனிரத்தினம். நான் நம்பினேன். பொய் சொல்கிறவன் மற்றவன் சொல்லும் பொய்யைச் சட்டென்று பிடித்துவிடுவான் என்பதெல்லாம் சும்மா.

வீட்டுக்கு வந்ததும் விமலா தன் திட்டத்தைச் சொன்னாள். இந்த மாதச் சீட்டை எடுத்து அட்வான்ஸைக் கொடுத்துவிடலாம்.

ஏலச்சீட்டு போட்டவர்களுக்கு இது தெரியும், போடாதவர்களுக்காகச் சொல்கிறேன். இருபது பேர், ஆளுக்கு மாதம் ஐயாயிரம், மொத்தம் ஒரு லட்சம். அந்த மாதம் அந்த லட்சம் யாருக்கு என்பதற்கு ஏலம். ஆனால் இது தலைகீழ் ஏலம். ஒருவர் ‘பத்தாயிரம் தள்ளி எடுத்துக்கறேன்’ என்றால், லட்சத்தில் பத்தாயிரத்தை விட்டுக்கொடுத்து மீதியை வாங்கிக்கொள்கிறார் என்று அர்த்தம். யார் அதிகம் தள்ளுகிறாரோ அவருக்குச் சீட்டு. தள்ளிய பணத்தில் சீட்டு நடத்துகிறவரின் கமிஷன் போக மீதி எல்லோருக்கும் சமமாகப் பங்கு. அதற்குப் பெயர் கழிவு.

அதிகம் தள்ளுகிறவர் யார்? யாருக்குப் பணம் ரொம்ப அவசரமோ அவர்தான். அதனால் சீட்டு ஏலத்தில் வாயைத் திறப்பது, நம் வீட்டு அரிசி டப்பாவை ஊரார் முன்னால் திறந்து காட்டுவது மாதிரி. பத்து, பன்னிரண்டு தள்ளினால் ‘ஏதோ செலவு போல’ என்பார்கள். இருபது தள்ளினால் ‘பாவம், ஆஸ்பத்திரியோ என்னமோ’. முப்பதைத் தாண்டினால் அப்புறம் அந்தத் தெருவில் ஒரு டம்ளர் சர்க்கரைகூடக் கைமாற்றாகக் கிடைக்காது.

எங்கள் சிக்கல் அங்கேதான். சீட்டை எடுத்தால்தான் அட்வான்ஸ், அட்வான்ஸ் கொடுத்தால்தான் வீடு. ஆனால் அடித்துப் பிடித்துச் சீட்டை எடுத்தால் அது கூடவே உட்கார்ந்திருக்கும் கௌரம்மாவுக்குத் தெரிந்துவிடும். கம்பெனி ஓனரின் சாயம் வெளுக்கும், வீடு போகும். நாற்பதாயிரத்துக்கு மேல் ஒரு ரூபாய் தள்ளினாலும் அறுபது கைக்கு வராது, அப்போதும் வீடு போகும்.

“அந்தச் சீட்டு எப்பவும் பத்து, பன்னெண்டுலயே முடிஞ்சிடும். கௌரம்மா வசதியானவங்க, ஏலமே கேக்க மாட்டாங்க, கடைசிச் சீட்டுதான் எடுப்பாங்க” என்றாள் விமலா. “நான் பாத்துக்கறேன். நீங்க வராம இருந்தா அதுவே போதும்.”

அப்படியே நடந்திருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது. அரையாண்டுத் தேர்வு சமயம். பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு கத்திக் கத்தி, ஏலத்துக்கு முதல் நாள் விமலாவின் தொண்டை அடைத்துக்கொண்டது. காற்று மட்டும் வந்தது. வேறு வழியில்லாமல் நான் போக வேண்டியதாயிற்று. கிசுகிசுப்பாக ஒரு ஏற்பாடு சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்து என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினால் ஆயிரம் ஏற்ற வேண்டும். இரண்டு கிள்ளு கிள்ளினால் நிறுத்த வேண்டும். வேறு ஒரு வார்த்தை பேசக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்த கையோடு லூர்து அக்கா வீட்டுக் கூடத்தில் ஏலம். அக்கா ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். தையல் மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. கையில் ஒரு எவர்சில்வர் தட்டு, ஒரு கரண்டி. மூன்று தரம் சொல்லித் தட்டில் கரண்டியால் ஒரு அடி அடித்தால் முடிந்தது, அப்புறம் கடவுளே வந்தாலும் மாற்ற முடியாது என்பது அங்கே சட்டம்.

பிளாஸ்டிக் நாற்காலிகளில் எல்லோரும் பெண்கள். நடுவே ஒரே ஒரு ஆண், முனிரத்தினம்.

“என்னா சார், நீங்க வந்துக்கினு?” என்றார் அவர், கொஞ்சம் திடுக்கிட்டு.

“சும்மாண்ணா. விமலாவுக்குத் தொண்டை சரியில்ல. நீங்க?”

“நானும் சும்மாதான் சார். கௌரிக்கு வேல இருக்குது, அதுக்கோசரம்.”

சும்மா வந்தவர்கள் இரண்டு பேரும் தேவைக்கு மேல் சிரித்தோம்.

அக்கா ஐயாயிரத்தில் ஆரம்பித்தார். எங்கள் தெருவில் துணி தைக்கிற தேவகி ஏழு என்றாள். விமலா கிள்ளினாள். “எட்டு” என்றேன், வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே, நேரமில்லாத முதலாளி மாதிரி.

“பத்து” என்றது ஒரு ஆண் குரல். நான் திரும்பிப் பார்த்தேன். முனிரத்தினம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிள்ளு. “பதினொண்ணு” என்றேன். சொன்னதோடு விட்டிருக்கலாம். “பொண்ணுக்கு ஒரு கம்மல் எடுக்கலாம்னு” என்று சேர்த்துக்கொண்டேன்.

“பன்னெண்டு. டெம்போவுக்கு டயர் மாத்தணும்.”

“பதிமூணு. கம்மலோட ஒரு செயினும்.”

“பதினஞ்சு. டயர் நாலும்.”

பதினைந்தில் பெண்கள் எல்லோரும் விலகிக்கொண்டார்கள். பதினெட்டில் நான் சொந்த வீட்டுக்கு மனை பார்ப்பதாகச் சொன்னேன். இருபதில் அவர் புது டிராக்டர் வாங்கப்போவதாகச் சொன்னார். இருபத்து நான்கில் எனக்குக் கார் தேவைப்பட்டது. இருபத்தைந்தில் அவர் பசு மாடு வாங்கினார். அந்தக் கூடத்தில் அன்றைக்கு நாங்கள் இருவரும் வாங்கிய சொத்துக்கு ராயக்கோட்டை ரோட்டில் இடம் போதாது.

இதற்குள் கூட்டத்தில் ஒரு மாற்றம் வந்திருந்தது. தேவகி சாய்ந்திருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரு அம்மாள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். நாங்கள் ஒவ்வொரு ஆயிரம் ஏற்றும்போதும் அவர்களுக்குக் கழிவு ஏறுகிறது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

“விடாதீங்க சார்!” என்றாள் தேவகி.

“அண்ணா, நீங்களும் விட்டுடாதீங்க!” என்றார் விரல் விட்டு எண்ணியவர்.

ஆஹா, நமக்கும் ஆதரவு இருக்கிறதே என்று நான் மீசையைத் தடவினேன். (அப்படியொரு மடையன்.)

முப்பதைத் தாண்டியதும் காரணம் சொல்வதை இரண்டு பேரும் நிறுத்திவிட்டோம். அவர் சட்டையின் முதுகு நனைந்திருந்தது. விமலா இரண்டு கிள்ளு கிள்ளினாள். நிறுத்தச் சொல்கிறாளா, இரண்டாயிரம் ஏற்றச் சொல்கிறாளா? யோசிப்பதற்குள் முப்பத்தாறு என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் அவள் கிள்ளிய கிள்ளுகளுக்குக் கணக்கே இல்லை. அது ஏலத்துக்கான கிள்ளு இல்லை, கல்யாணம் ஆன நாளிலிருந்து சேர்த்து வைத்தது.

“நாப்பது” என்றேன். அதுதான் என் எல்லை. விமலா கிள்ளுவதை விட்டுவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். லூர்து அக்கா கரண்டியைத் தூக்கினார். “நாப்பது ஒரு தரம். நாப்பது ரெண்டு தரம்.”

“நாப்பது ஐந்நூறு” என்றார் முனிரத்தினம். குரல் வெளியே வரவே இல்லை.

அந்த இடத்தில் நான் எழுந்து வந்திருக்க வேண்டும். கணக்குத் தெரிந்த எவனும் எழுந்துதான் வருவான். ஆனால் எனக்குள் அந்தச் சுழல் நாற்காலிக்காரன் இன்னும் உட்கார்ந்திருந்தான். ஒரு தக்காளிக்காரரிடம் தோற்பதா என்று அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. எழுந்து நின்று, “நாப்பத்தி ஒண்ணு!” என்று கத்தினேன்.

முனிரத்தினம் வாயைத் திறந்தார், மூடினார், நாற்காலியில் தொப்பென்று சாய்ந்தார். தட்டில் கரண்டி விழுந்தது. பெண்கள் கைதட்டினார்கள். நான் கும்பிடக்கூடச் செய்தேன்.

அப்போது என் பக்கத்திலிருந்து, முதல் நாளிலிருந்து அடைத்திருந்த தொண்டை திறந்துகொண்டது. “அம்பத்தொம்பதுதாங்க வரும்! அட்வான்ஸ் அறுபதுங்க!” என்று கீச்சென்று ஒரு குரல். விமலா முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

லூர்து அக்கா தட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “ஏங்க சார், நாப்பத்தோராயிரம் தள்ளி இந்தச் சீட்ட ஒருத்தரும் எடுத்தது கெடையாது. அப்பிடி என்னா அவசரம்?”

கம்மல், செயின், மனை, கார் எல்லாம் ஏற்கனவே தீர்ந்துவிட்டன. பொய் சொல்ல எதுவும் மிச்சமில்லை. “வீட்டு அட்வான்ஸ் குடுக்கணும்க்கா” என்றேன்.

“யாருக்கு?”

நான் முனிரத்தினத்தை நோக்கி விரலை நீட்டினேன்.

அக்கா அந்தப் பக்கம் திரும்பினார். “ஏண்ணா, உங்களுக்கு என்னா அவசரம்?”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “தக்காளிக்கு வெலையே இல்ல. சானமாவுக் காட்டுல இருந்து யான எறங்கி ராகியும் போச்சு. தவண கட்டலன்னு டெம்போவ பைனான்ஸ்காரங்க எடுத்துக்கினு போயிட்டாங்க. மாடிக்கு வர்றவங்க அட்வான்ஸ் குடுத்தா மீட்டுடலாம்னு இருந்தேன். இன்னும் குடுக்கல. கேக்கவும் கூச்சமா இருந்துச்சு. அதுக்கோசரம்தான் சீட்டக் கேட்டேன்.”

“யாரு குடுக்கல?”

முனிரத்தினம் என்னை நோக்கி விரலை நீட்டினார்.

என் விரலும் இன்னும் இறங்கவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காட்டிக்கொண்டு அப்படியே இருந்தோம்.

“அய்யோ சேசுவே” என்றார் லூர்து அக்கா. “இவரு எடுத்தா அந்தப் பணம் உங்ககிட்டதாண்ணா வந்திருக்கும்! நீங்க வாயத் தொறக்காம இருந்தா பன்னெண்டுல முடிஞ்சிருக்கும். உங்களுக்கு வர்ற பணத்த நீங்களே ஏலம் கேட்டீங்களா?”

முதலில் சிரித்தது தேவகி. பிறகு கூடமே சிரித்தது. தட்டும் கரண்டியும் மடியிலிருந்து விழுந்து உருண்டன. முனிரத்தினம் மெதுவாக, “இன்னொரு தரம் மொதல்ல இருந்து வெச்சிக்கலாமா?” என்று கேட்டார். அவ்வளவுதான், சிரிப்பு நின்றுவிட்டது. “அதெப்பிடிங்ணா? தட்டு அடிச்சாச்சில்ல?” என்றார்கள் எல்லோரும் ஒரே குரலில். வழக்கமாக முன்னூறு, நானூறு வரும் கழிவு அந்த மாதம் ஆளுக்கு ஆயிரத்து எண்ணூறு. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தெருவுக்கே போனஸ் போட்டிருந்தோம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேப்பமரத்து ஜன்னலும் யாழினியின் பள்ளிக்கூடமும் மாமனார் வீட்டுப் பாயும் கண் முன்னால் வந்து போயின. வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது முனிரத்தினம் பின்னாலேயே வந்தார்.

“கம்பெனி?” என்றார்.

“மூடிட்டேண்ணா. மிஷினு பேங்க்குக்கு.”

“டெல்லி ஆர்டரு?”

“கடன் கேக்கறவங்க.”

முனிரத்தினம் தலையைச் சொறிந்தார். “ஒரு பொண்ணு பேசுமே, லோன்னு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ‘வணக்கம் சார், சாப்டீங்களா’ன்னு கேக்குமே, அதா?”

“அதேதாண்ணா.”

“எனக்கும் அதான் போன் பண்ணுது” என்றார். அப்போதுதான் அவர் சிரித்தார். முகமெல்லாம் சிரிப்பு. பிறகு என் தோளில் கையைப் போட்டார். சொல்ல வெட்கமில்லை, எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனையோ மாதமாக ஒருவர் என்னிடம் எதையும் கேட்காமல் தோளில் கை போட்டது அதுதான் முதல் தடவை.

செய்தி கேட்டு ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்த கௌரம்மா, கணவரைத் தெலுங்கில் ஒரு வாங்கு வாங்கினார். அது முடிந்ததும் என் பக்கம் திரும்பினார். போச்சு என்று நினைத்தேன். “கம்பெனி மொதலாளின்னு இவரு வந்து சொன்னதும் எனக்கு இஷ்டமே இல்ல தம்பி. நாளைக்கு ஏசி மாட்டணும், அங்க ஒடைக்கணும், இங்க இடிக்கணும்பாங்க. நம்மள மாதிரின்னா பரவால்ல. எப்ப வர்றீங்க?”

“ஆயிரம் கொறையுதேக்கா” என்றேன்.

“அது கெடக்குது” என்றார் கௌரம்மா.

லூர்து அக்கா மறுநாளே பணத்தைக் கொடுத்தார். ஐம்பத்தொன்பதாயிரமும் என் கைக்கு வந்து, முனிரத்தினத்தின் கைக்குப் போய், அன்றைக்குச் சாயங்காலமே பைனான்ஸ்காரர்களிடம் போய்ச் சேர்ந்தது. மறுநாள் விடிந்ததும் எங்கள் பழைய வீட்டு வாசலில் ஹாரன் சத்தம். முனிரத்தினம் டெம்போவோடு நின்றிருந்தார். மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். மீட்டு வந்த வண்டியில் முதல் லோடு எங்கள் பீரோவும் கட்டிலும் யாழினியின் சைக்கிளும்தான். பின்னால் சாமான்களோடு நான் உட்கார்ந்து வந்தேன். பழைய தக்காளி வாசனை அடித்தது. அதைப்போல் ஒரு சவாரி எந்தக் காரிலும் எனக்குக் கிடைத்ததில்லை. வண்டி வாடகை எவ்வளவு என்று கேட்டதற்கு, “டெல்லி ஆர்டர் வரட்டும் தம்பி” என்றார். சார் என்பது அன்றோடு போய்விட்டது.

அந்த வீட்டில்தான் நான் மறுபடி வேலைக்குப் போனேன். வேறொருவர் கம்பெனியில், ஷிப்டு சூப்பர்வைசராக, சுழலாத நாற்காலியில். கடன்களைக் கொஞ்சம் கொஞ்சமாக முடித்தோம். யானை இறங்கின இரவுகளில் முனிரத்தினம் தோட்டத்துக்குப் போனால் கௌரம்மா மாடிக்கு வந்து விமலாவோடு பேசிக்கொண்டிருப்பார். விலை இல்லாத நாட்களில் எங்கள் வீட்டில் மூன்று வேளையும் தக்காளி. யாழினி அந்த மாடிப்படியில் உட்கார்ந்துதான் பிளஸ் டூவரை படித்தாள், கூடவே நல்ல தெலுங்கும் படித்துக்கொண்டாள், பெரும்பாலும் திட்டுவதற்கு.

என் மானத்தைப் பொறுத்தவரை, அது அன்றைய ஏலத்தோடு போனது போனதுதான். தேவகி அந்தக் கழிவுப் பணத்தில் ஒரு மிக்ஸி வாங்கினாள். அதற்கு என் பெயரையே வைத்துவிட்டாள். “குமரேசன் ஓடிக்கினு இருக்கான்க்கா, ஒண்ணும் கேக்கல, அப்பறமா பேசறேன்” என்று அவள் போனில் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். ஏலம் மந்தமாகப் போகும் மாதங்களில் லூர்து அக்காவிடமிருந்து ஆள் வரும், “சார ஒருக்கா வந்து சும்மா உக்காந்துட்டுப் போகச் சொன்னாங்க” என்று. எங்கள் வீட்டிலோ, நானும் விமலாவும் எதற்காவது வரிந்துகட்டிக்கொண்டு பேச ஆரம்பித்தால் யாழினி ஒரு தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வந்து நிற்பாள். அதைப் பார்த்ததும் யாராவது ஒருவர் வாயை மூடிவிடுவோம். பெரும்பாலும் நான்.

போன மாதம் அந்த வீட்டைக் காலி செய்தோம். யாழினிக்குக் கிருஷ்ணகிரியில் கல்லூரி, எனக்கும் அந்தப் பக்கமே வேலை. கிளம்பும் அன்று முனிரத்தினம் கூடத்தில் உட்கார வைத்து அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தார். பெயிண்ட் அடிக்கவென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது இங்கே வழக்கம். அவர் பிடிக்கவில்லை. அதோடு அறுபதாயிரமாகக் கொடுத்தார்.

“அண்ணா, நான் குடுத்தது அம்பத்தொம்பது.”

“தெரியும். நாப்பது ஐந்நூறுன்னு நான் கேக்காம இருந்திருந்தா, நீ நாப்பதுல எடுத்திருப்ப. அந்த ஆயிரம் என்னால போச்சு. இத்தன வருசமா அது என் மனசுல கெடக்குது தம்பி.”

இத்தனை வருடமும் அந்த ஆயிரத்துக்கு அந்த மனிதர் மாடிப்படியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கணக்கு வைத்திருந்திருக்கிறார். “அதெல்லாம் வேணாம்ணா. பெயிண்டுக்குப் புடிச்சுக்கிட்டு அம்பத்திமூணு குடுங்க போதும்” என்றேன்.

“அறுபது.”

“சரி, அம்பத்தி ரெண்டு.”

“அறுபத்தி ஒண்ணு!” என்று எழுந்தே நின்றுவிட்டார் முனிரத்தினம்.

“அம்பது!” என்று நானும் எழுந்தேன்.

அடுப்படிப் பக்கமிருந்து டங்கென்று ஒரு சத்தம். வாசற்காலில் சாய்ந்துகொண்டு, ஒரு கையில் தட்டும் ஒரு கையில் கரண்டியுமாகக் கௌரம்மா. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு விமலா. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர்.

“ஒரு தரம்” என்றார் கௌரம்மா. “ரெண்டு தரம்.”

நாங்கள் இருவரும் பேசாமல் உட்கார்ந்துகொண்டோம்.